கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்

கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் எங்கள் வீட்டில் ஒருவருக்கு இருப்பது உறுதியான பிறகுதான் குளூட்டன் இல்லாத பேக்கிங்கைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். பாலையும் முட்டையையும் அதற்கு முன்பே விட்டிருந்தோம். ஆகவே கோதுமையும் இல்லை, முட்டையும் இல்லை, வெண்ணெயும் இல்லை என்ற நிலையில் நான் செய்த முதல் கேக்குகளில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போயின. சில நடுவில் வேகாமல் களியாக நின்றன. சில கத்தி பட்டதும் மணலாக உதிர்ந்தன. சமையலறைக் கழிவு என்றதும் எல்லோரும் பழத்தோலையும் பொட்டல உறைகளையும் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் கால் கிலோ மாவு, சர்க்கரை, எண்ணெய், ஒரு மணி நேர ஓவன் மின்சாரம் அத்தனையையும் விழுங்கிவிட்டு, யாரும் சாப்பிட முடியாமல் போன கேக்கைவிடப் பெரிய கழிவு என் சமையலறையில் வேறு எதுவும் இருந்ததில்லை. உலகில் 2022ஆம் ஆண்டில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில் படித்தபோது, அந்தக் கேக்குகள்தான் என் நினைவுக்கு வந்தன.

அவை ஏன் உதிர்ந்தன என்பது பிறகு புரிந்தது. கோதுமை மாவில் தண்ணீர் சேரும்போது குளூட்டெனின், கிளையாடின் என்னும் இரு புரதங்கள் இணைந்து குளூட்டன் என்ற வலைபோன்ற அமைப்பை உண்டாக்குகின்றன. மாவில் உருவாகும் வாயுக் குமிழ்களைப் பிடித்து வைப்பது அந்த வலைதான். முட்டையின் புரதமோ சூட்டில் இறுகி கேக்குக்கு உருவம் தருகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால், பிடித்து வைக்க வேறொன்று வேண்டும். அந்த வேறொன்றை விலை கொடுத்துத் தேடிக்கொண்டிருந்த நாள்களில், அதையே வாரந்தோறும் கழுவுதொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கொண்டைக்கடலை வேகும்போது அதன் புரதம், மாவுச்சத்து, நுரை தரும் சபோனின் ஆகியவற்றில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்துவிடுகிறது. பருப்பு வகைகளின் இந்த நீர் முட்டை வெள்ளைக்கருவைப்போல நுரைக்கும் என்பதை 2014ஆம் ஆண்டில் பிரெஞ்சு இசைக்கலைஞர் ஜோயல் ரோசெல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே கூஸ் வோல்ட் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியாளர், கொண்டைக்கடலை நீரையும் சர்க்கரையையும் மட்டுமே கொண்டு, வழக்கமாக வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்யும் மெராங் என்ற இனிப்பைச் செய்து காட்டியதோடு, தண்ணீரையும் அவரையையும் குறிக்கும் லத்தீன் சொற்களை இணைத்து அதற்கு அக்வாஃபாபா என்று பெயரும் வைத்தார். ஒரு முழு முட்டைக்கு 3 மேசைக்கரண்டி, ஒரு வெள்ளைக்கருவுக்கு 2 மேசைக்கரண்டி என்பது நான் பின்பற்றும் அளவு. வீட்டில் வேகவைத்த நீர் பெரும்பாலும் நீர்த்திருக்கும் என்பதால், வெள்ளைக்கருவின் பதத்துக்கு வரும்வரை மிதமான தீயில் சுண்டவைத்து, நன்கு ஆறிய பிறகே அடிக்க வேண்டும். கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. டப்பாவில் வரும் கடலையானால் உப்புச் சேர்க்காததையே வாங்குகிறேன். மீந்ததை ஐஸ் தட்டில் குழிக்கு ஒரு மேசைக்கரண்டியாக ஊற்றி உறையவைத்தால், வேண்டியபோது மூன்று கட்டிகள் ஒரு முட்டையாகிவிடுகின்றன.

பாதாம் பால் பிழிந்த பிறகு எஞ்சும் சக்கையும் இப்படித்தான். ஈரத்தோடு குக்கி மாவில் சேர்க்கலாம். அல்லது தட்டில் மெல்லியதாகப் பரப்பி, சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஈரம் முழுவதும் போகும்வரை உலர்த்திப் பொடித்து வைக்கலாம். ஆனால் இந்தப் பொடியைப் பாதாம் மாவுக்கு முழு மாற்றாகப் போடலாம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கொழுப்பில் பெரும்பகுதி பாலோடு போய்விட்டதால், இது தண்ணீரை அதிகம் இழுத்துக் கேக்கை வறளச் செய்கிறது. மொத்த மாவில் கால் பங்கைத் தாண்டாதவரை எனக்கு நன்றாகவே வந்திருக்கிறது. சூரியகாந்தி விதைச் சக்கையைச் சமையல் சோடாவோடு சேர்த்தால் குக்கியின் உட்புறம் பச்சையாகிவிடும். விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தன்மையோடு சேர்வதால் வரும் நிறம் அது, கெட்டுப்போனதென்று தூக்கிப்போட வேண்டாம். கறுத்த வாழைப்பழம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருப்பதால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆறு வகை மாவு கேட்கும் செய்முறைகள் மீது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி எடுத்தபின், மீதி அலமாரியிலேயே கிடந்து சிக்குவாடை அடிக்கத் தொடங்குகிறது. அரிசி மாவு, ஏதாவதொரு ஸ்டார்ச், இசப்பகோல் உமி ஆகிய மூன்றும் என் பெரும்பாலான கேக்குகளுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. கோப்பைக் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் கிராம் கணக்காக நிறுத்து, கலவையை அரை மணி நேரம் ஊறவிட்டால், அரிசி மாவின் நறநறப்பும் குறைகிறது, தோல்வியும் குறைகிறது.

குளூட்டன் இல்லாத கேக் சீக்கிரம் வறண்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண அடுக்கில் வைத்தால் மாவுச்சத்து இன்னும் வேகமாக இறுகுகிறது. துண்டுகளாக்கி உறைநிலைப் பகுதியில் வைப்பதே நல்லது. உதிர்ந்த தூளை மீண்டும் ஓவனில் வறுத்து, அடுத்த இனிப்புக்கு அடித்தளமாக அழுத்திக்கொள்கிறேன்.

எதையும் வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் விலகி நிற்க வேண்டிய ஓர் இடமும் உண்டு. குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவைக் குறிப்பிட, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்கிறது சர்வதேச உணவுத் தர விதித்தொகுப்பான கோடெக்ஸ். கோதுமை ரொட்டித் தூளைச் சிறிதளவு கலப்பதோ, கோதுமை மாவில் தோய்ந்த கரண்டியை இதிலும் விடுவதோ சீலியாக் உள்ளவருக்குச் சிக்கனமாகாது, தீங்குதான். என் பழைய மாவுச் சல்லடையை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும் என்றே முதலில் நினைத்தேன். அதன் கண்ணிகளில் ஒட்டியிருந்த மாவை வெளிச்சத்தில் பார்த்த அன்றே, கோதுமை சாப்பிடும் உறவினர் வீட்டுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.