கொஞ்சம் தள்ளிப் போய்க்குமாம்!

நேற்று ராத்திரி டிவியில் கடல் சத்தம் பற்றிய அந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்கள் என் முந்தைய பதிவின் கீழே நடக்கும் ரகளையைப் பார்த்தாலே போதும். கடலுக்கடியில் சத்தம் கிளப்பினால் திமிங்கலங்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கோட் போட்ட அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "கடல்ல இடத்துக்கா பஞ்சம்? சத்தம் கேட்டா கொஞ்சம் தள்ளிப் போய்க்கும்." நெறியாளரும் கூடவே சிரித்தார்.

எங்கே சார் தள்ளிப் போகும்?

கடல் பெரிசுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஆழத்தில் மூழ்கி இரை தேடுகிற திமிங்கலம் பிழைக்கத் தோதான கடல் பெரிசில்லை. இதையே இந்தப் பதிவில் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே தெரிகிற நீலப் பரப்பு அதற்கு மூச்சு விடுகிற இடம், அவ்வளவுதான். எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானிப்பது கீழே இருக்கும் தரையின் சரிவும், அந்தச் சரிவை ஒட்டிக் கூடுகிற கணவாயும் ஆழ்கடல் மீன்களும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கூவியர் அலகுத் திமிங்கலம் (பறவை அலகு மாதிரி வாய் நீண்ட இனம்) இரைக்காக மூழ்கினால் சராசரியாக 1,070 மீட்டர் இறங்குகிறது, 58 நிமிடம் உள்ளே இருக்கிறது. விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் இறங்கினால் அந்த ஆழத்துக்கே 12 நிமிடம் ஆகும். ஏறுவது அதைவிட மெதுவாக, விநாடிக்கு 0.7 மீட்டர். அதற்கு 25 நிமிடம். போக வர ஆனதைக் கழித்தால் அடியில் மிஞ்சுவது இருபது நிமிடம் சொச்சம். இறங்கும்போதே பாதி வழியில் 'டிக் டிக்' என்று ஒலி அனுப்பித் தேட ஆரம்பித்துவிடும் என்பதால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். இரையை நெருங்கியதும் அந்த டிக்டிக் ஒரே ரீங்காரமாக மாறும். ஒவ்வொரு ரீங்காரமும் ஒரு பிடிக்கான முயற்சி. கிடைப்பவை சின்னச் சின்ன உருப்படிகள் என்பதால், ஒரு மூழ்கலில் இருபது முப்பது தடவை இப்படிப் பாய வேண்டியிருக்கிறது. மேலே வந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆழமில்லாத மூழ்கல்களிலேயே கழித்துவிட்டுத்தான் அடுத்த ஆழ மூழ்கல்.

இப்போது சொல்லுங்கள், இரை சிதறிக் கிடக்கும் இடத்தில் இந்தக் கணக்கு கட்டுப்படியாகுமா? இறங்கினால் அங்கே இரை குவிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் போன மூச்சு நஷ்டம். 2,992 மீட்டர் இறங்கியதும், 222 நிமிடம் மூச்சடக்கியதும் இதே இனம்தான். அந்தச் சாதனைகளை மட்டும் எடுத்து "பார்த்தீங்களா, எங்க வேணாலும் போகும்" என்று மீம் போடுகிறார்கள். ஓட்டப்பந்தய வீரர் மராத்தான் ஓடுவார் என்பதற்காகத் தினமும் 42 கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சாப்பிடச் சொல்வீர்களா?

இரை எங்கே குவியும்? கரையை ஒட்டிய கண்டத்திட்டு, அதாவது ஆழமில்லாத கடலடித் தரை முடிந்து, தரை சடாரென்று இறங்கும் சரிவுகளில். கடலடிப் பள்ளத்தாக்குகளில். எரிமலைத் தீவுகளின் செங்குத்தான பக்கங்களில். சரிவில் மோதும் நீரோட்டம் சத்துள்ள நீரை மேலே தள்ளும். பள்ளத்தாக்கோ திட்டின் மேலிருக்கும் மக்கிய கழிவை வாய்க்கால் போலக் கீழே இறக்கும். பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் படலமாகக் கிடந்து, ராத்திரி மேலேறும் சின்ன மீன்களும் கணவாயும் சரிவை ஒட்டி அடர்த்தியாகச் சேரும். (இரண்டாம் உலகப் போரில் சோனார், அதாவது ஒலி அனுப்பி எதிரொலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவி வைத்திருந்தவர்கள் அந்தப் படலத்தைக் கடல் தரை என்றே நினைத்து ஏமாந்தார்கள். அவ்வளவு அடர்த்தி.)

நியூசிலாந்தின் கைக்கோராவை எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பள்ளத்தாக்கின் தலை தொடங்கிவிடுகிறது. அதனால்தான் ஆண் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் வருஷம் முழுக்க அங்கே. 2016 நவம்பரில் 7.8 அளவு நிலநடுக்கத்தில் நிலம் ஆடியது. பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 85 கோடி டன் வண்டல் அடித்துக்கொண்டு போனது, தரையில் வாழ்ந்த உயிர்களும் அதோடு போயின.  அதன் பிறகு திமிங்கலங்கள் முன்பு மேய்ந்த இடங்களை மாற்றின. மூழ்கல்களுக்கு நடுவே மேலே கிடக்கும் நேரம் கிட்டத்தட்ட கால்வாசி கூடியது. இது சுமார் ஒரு வருஷம் நீடித்தது. தரை கெட்டால் வீடு கெட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

திருகோணமலைத் துறைமுக வாசலிலேயே ஆழப் பள்ளத்தாக்கு இருக்கிறது, அங்கேயும் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் 'கல்லி' என்ற பள்ளத்தாக்கில் பாட்டில்மூக்குத் திமிங்கலங்கள். அதனால்தான் 2004-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கினார்கள். சும்மா கிடந்த கடலுக்கா வேலி போட்டார்கள்?

இனி கமென்ட்டில் வந்த கேள்விகள். "வெப்பநிலை, பருவம் எல்லாம் கணக்கில்லையா?" உண்டு. ஸ்பெர்ம் பெண்களும் குட்டிகளும் வெதுவெதுப்பான கடலை விட்டு அதிகம் போவதில்லை, வளர்ந்த ஆண்கள் துருவ ஓரம் வரை போகின்றன. "நடுக்கடலிலும் ஸ்பெர்ம் திமிங்கலம் இருக்கே?" இருக்கிறது. நீர்ச்சுழிகளும் நீரோட்டங்கள் உரசும் விளிம்புகளும் அங்கே இரையைச் சேர்த்துவைக்கின்றன. இடம் மாறினாலும் விதி அதேதான். அடுத்த கேள்வி.

"பஹாமாஸில் கடற்படை சோனார் பயிற்சி நடக்கும்போது அலகுத் திமிங்கலங்கள் விலகிப் போய், இரண்டு மூன்று நாளில் திரும்பிவிட்டதே?" இதைக் கேட்டவர் படித்தவர் என்று தெரிகிறது, அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. ஆமாம், திரும்பின. வேறு நல்ல இடம் இருந்தால் ஏன் அந்தச் சத்தத்துக்கே திரும்பி வரணும்? விலகியிருந்த நாட்களின் இரையை யார் கொடுப்பது? அந்தப் பயிற்சிப் பகுதியில் பெண் திமிங்கலங்களோடு காணப்பட்ட குட்டிகளின் விகிதம், பக்கத்து அபாக்கோ தீவுக் கடலைவிடக் குறைவு. இந்தப் பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் ஒட்டினீர்கள், பாருங்கள், அதுதான் வலிக்கிறது.

விலக நேரமே கிடைக்காத கதையும் உண்டு. 2002 செப்டம்பர், கேனரி தீவுகள். கடற்படைப் பயிற்சியில் சோனார் தொடங்கிய சுமார் 4 மணி நேரத்தில் கரை ஒதுங்க ஆரம்பித்தன, மொத்தம் 14 அலகுத் திமிங்கலங்கள். அறுத்துப் பார்த்ததில் ரத்தக்குழாய்களில் வாயுக் குமிழிகள், காற்றுத் தொட்டியோடு ஆழத்தில் மூழ்கியவர் வேகமாக மேலேறினால் வருமே, அந்த மாதிரி. 2004-ல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் அந்தச் சோனாரைத் தடை செய்தது. 2013-ல் கணக்குப் பார்த்தபோது, தடைக்குப் பிறகு ஒரு கூட்டச் சாவுகூட அங்கே இல்லை. நகரச் சொல்லவேண்டியது திமிங்கலத்தை இல்லை என்று ஒரு நாட்டுக்குப் புரிந்திருக்கிறது.

இன்னொருவர் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டை இழுத்தார். "2016 ஜனவரியில நம்ம கரைக்கே எண்பதுக்கு மேல வந்துச்சே, அப்ப ஆழமில்லாத இடத்திலயும் வாழும்தானே?" அய்யா, பிணம் ஒதுங்கிய இடம் வீட்டு விலாசமா? அவை பைலட் திமிங்கலங்கள். ஆயிரம் மீட்டர் வரை இறங்கி, கணவாயை விரட்டிப் பிடிக்கிற ஜாதி. மன்னார் வளைகுடாவின் அகலமான ஆழமற்ற திட்டில் அவற்றுக்குச் சோறு கிடையாது. கூட்டத்தை விட்டுப் பிரியாத குணம் வேறு. மீனவர்கள் உள்ளே இழுத்துக்கொண்டுபோய் விட்டும் பல திரும்பிக் கரைக்கே வந்தன. 1973-லும் அதே கரையில் இதே சோகம். அந்தச் சாவைக் கொண்டுவந்து "எங்கும் வாழும்" என்பதற்குச் சான்றாக வைக்கிறார்கள். அதற்கு 212 லைக்.

"போய் மீன் மார்க்கெட்டில் உட்காரு" என்று எனக்கு அறிவுரை சொன்னவருக்கு: அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். எத்தனை பாக ஆழத்தில் எது படும் என்று தெரியாமல் யாரும் டீசல் போட்டுப் போவதில்லை. ஒரு பாகம் ஆறடி. கடல் வரைபடத்தில் 100 பாகக் கோட்டைத் தேடுங்கள், அதாவது சுமார் 183 மீட்டர். பிறகு 500 பாகக் கோடு. இரண்டும் நெருங்கி ஒட்டி ஓடும் இடம் செங்குத்துச் சரிவு, விலகி ஓடும் இடம் சாதாரணச் சாய்வு. ஒட்டி ஓடும் இடங்களை மட்டும் பென்சிலால் தடவுங்கள்.

தடவி முடித்ததும், 'கொஞ்சம் தள்ளி' என்பது அதில் எங்கே என்று விரல் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். கமென்ட் பெட்டி திறந்தேதான் இருக்கிறது.