தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு வரிதானா?

உங்கள் கட்டுரையில் கோலா குளிர்பான நிறுவனங்களைப் பாதிக்கும் புறச்சக்திகளை அரசியல், பொருளாதாரம், சமூகம் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். நன்று. ஆனால் தண்ணீரைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வரிதானா? கேரளத்தின் பிளாச்சிமடையில் கொக்கா கோலா ஆலை 2004 இல் மூடப்பட்டதற்கு டில்லி காரணமல்ல. கிணறுகள் வற்றுகின்றன, நீர் கெட்டுவிட்டது என்று ஊர்மக்கள் போராடினார்கள். பெருமாட்டி என்ற சிறிய பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அத்தனை பெரிய நிறுவனத்தை ஒரு பஞ்சாயத்து மறித்துவிட்டது!

இலங்கையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. 2016 இல் இங்கே குளிர்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. 2017 நவம்பர் வரவு செலவுத் திட்டம் பானத்தில் உள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதித்தது. 2022 இல் சில மாதங்களிலேயே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை உப்புவெளியில் சிறிய கடை நடத்துகிறேன். மே முதல் செப்டெம்பர் வரை வெயிலும் சுற்றுலாப் பயணிகளும் சேர்ந்து குளிர்பானத்தை விற்றுத் தருகிறார்கள். மாரி தொடங்கினால் போத்தல்கள் அப்படியே தேங்கும். சிவப்பு நிறத்தைக் கண்டு போத்தலைத் திருப்பி வைத்தவர்கள் குறைவு. விலையைக் கேட்டுத் திருப்பி வைத்தவர்கள்தான் அதிகம்.