சான்றிதழ் எந்த அடுக்கு வரை போகிறது?

திருப்பூரில் தைத்த ஒரு டி-ஷர்ட்டின் கழுத்தில் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத முறையில் தயாரானது என்று ஓர் அட்டை தொங்கினால், அந்த அட்டை யாருடைய வேலைக்குச் சாட்சி சொல்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும். எங்கோ விளைந்த பஞ்சு திண்டுக்கல், கோவைப் பக்கத்து ஆலைகளில் நூலாகி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), பிரிண்டிங் என்று பெரும்பாலும் ஜாப் ஒர்க் பட்டறைகளில் கைமாறிய பிறகே தையல் கம்பெனிக்கு வந்து சேருகிறது. பையர், அதாவது ஆடையை வாங்கும் பிராண்டு, அனுப்பும் ஆடிட்டர் பெரும்பாலும் பார்ப்பது இந்தக் கடைசி இடத்தைத்தான். தீயணைப்பானின் தேதி, அவசர வழிக் கதவு, ஓவர்டைம் பதிவேடு, முதலுதவிப் பெட்டி எல்லாம் அங்கே சரிபார்க்கப்படுகின்றன. துணிக்குச் சாயம் ஏற்றிய பட்டறையும், நூல் கொடுத்த ஆலையின் பெண்கள் விடுதியும் அவருக்குச் சரக்கோடு வரும் ஒரு செலானாகவும் சான்றிதழ் நகலாகவும் மட்டுமே தெரிகின்றன.

கண்ணால் பார்க்கிற முதல் அடுக்கான தையல் கம்பெனியிலேயே இந்த முறை எவ்வளவு பலவீனமானது என்பதை 2012 செப்டம்பரில் கராச்சி காட்டியது. 250-க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்த அந்த ஆடைத் தொழிற்சாலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் சரியாக இருப்பதாகச் சொல்லும் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் பெற்றிருந்தது. கீழ் அடுக்குகளில் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் 20,000 டன் பஞ்சு போலிச் சான்றிதழோடு இயற்கைப் பஞ்சாகக் காட்டப்பட்டதை 2020-இல், இயற்கைப் பஞ்சுத் துணிகளுக்கான தர விதிகளை வகுக்கும் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டறிந்து அறிவித்தது. மூன்றாண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம், தையல் கம்பெனிகளில் ஆடிட் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் நம் நூற்பாலைகளில் நடந்தது.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்வோம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே கரூர் வரை கிணறுகள் உப்பேறின. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டு பிராண்டுகளின் ஒழுக்க விதிகள் திருப்பூரில் பல அலுவலகங்களின் சுவர்களில் மாட்டியிருந்தன. அவை ஆற்றைக் காப்பாற்றவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகே ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை அங்கே உண்மையாக வேரூன்றத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் தையல் நின்றுவிடவில்லை, சாய வேலை வேறு ஊர்களுக்குப் போனது. மேலே இருப்பவர் கண்டிப்பாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது. ஓர் அடுக்கில் அடைத்தால், விலை குறைவாகக் கிடைக்கும் வேறொரு வாசல் வழியாக அதே வேலை வெளியேறிவிடுகிறது.

கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவை யார் ஏற்றார்கள் என்பதே இதில் முக்கியமான கேள்வி. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி பிரித்த நீர் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறார்கள், அதற்கு எரிபொருளும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. கடைசியில் மிஞ்சும், எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது. இதற்குப் பட்டறைக்காரர்கள் வங்கிக் கடன் வாங்கினார்கள், தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பையரோ அடுத்த சீசனில் பீஸுக்கு ஐந்து சென்ட் குறைக்க முடியுமா என்று தையல் கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் கேட்கிறார். தரத்தை மேலிருந்து கீழே அனுப்புகிறவர்கள் அதற்கான பணத்தையும் கூடவே அனுப்பாத வரை, கீழ் அடுக்கில் இருப்பவர் பொய்க் கணக்கு எழுதுவதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் சொல்லி ஒதுக்க என்னால் முடியவில்லை.

சட்டங்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. 2023-இல் அமலுக்கு வந்த ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் நேரடிச் சப்ளையருக்கு முழுக் கவனம் கேட்கிறது. அதற்கும் கீழே மீறல் நடப்பதாக உறுதியான தகவல் வந்தால்தான் நிறுவனம் அசைய வேண்டும். தகவல் சொல்ல வேண்டியவர் விடுதியில் இருக்கும் பதினெட்டு வயதுப் பெண். அவருக்குச் சங்கம் இல்லையென்றால் அந்தத் தகவல் எப்படி ஹாம்பர்க் வரை போகும்? ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த விரிவான சட்டத்தின் அமலாக்கமும் மறு ஆண்டே தள்ளிப்போடப்பட்டது.

நம்பிக்கை தருவது 2022-இன் திண்டுக்கல் ஒப்பந்தம். ஒரு தலித் பெண் தொழிலாளி தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாட்டுச் சங்கம் ஒன்று போராடிப் பெற்றது அது. தையல் ஆலையோடு நூற்பாலையையும் அது சேர்த்துக்கொள்கிறது. 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்கள். ஏற்றுமதி நிறுவனம் விதியை மீறினால், வணிகத்தைக் கொண்டே அதைத் தட்டிக்கேட்க எச் அண்டு எம், கேப் போன்ற பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்பட்டவை. ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோகும் ஆடிட்டரால் பார்க்க முடியாததை, அங்கேயே தினமும் எட்டு மணி நேரம் நிற்பவர் பார்க்கிறார்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. பிராண்டுகள் தங்கள் நூற்பாலை, சாயப்பட்டறைகளின் பெயர்களையும் பட்டியலிட்டு வெளியிட வேண்டும். ஆர்டரில் துணி விலைக்குக் கீழே, சுத்திகரிப்புச் செலவு கிலோவுக்கு இவ்வளவு என்று பேரத்துக்கு உட்படாத தனி வரி ஒன்று இருக்க வேண்டும், அந்தத் தொகை நேராகச் சாயப்பட்டறைக்குப் போய்ச் சேர வேண்டும்.