பூனை முடியில் ஒரு மீசை

மீசையே இல்லாத நண்பனைப் போல வேடம் போட முதலில் என்ன வேண்டும்? 1999-இல் வந்த ‘கேப்ரியல் நைட் 3’ என்ற சாகசப் புதிர்க் கணினி விளையாட்டைக் கேட்டால், மீசை என்கிறது! கொட்டகை ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டி, பூனையை அந்த வழியாக விரட்டி, சிக்கிய முடியை மேப்பிள் பாகு தடவி உதட்டுக்கு மேலே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். நண்பனின் அடையாளப் படத்திலும் மீசை வரைய வேண்டும். எந்தப் புண்ணியவானுக்கு இது தானாகத் தோன்றும்?

அது வெறும் அபத்தம். 1990-இன் ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’ செய்வதோ பச்சைத் துரோகம். பேக்கரியில் வாங்கிய ‘பை’ (pie) என்னும் இனிப்புப் பண்டத்தைப் பசிக்குத் தின்றுவிட்டால் தொலைந்தோம். பனிமலையில் வழிமறிக்கும் யெட்டி என்னும் பனிமனிதனின் முகத்தில் எறிய அதுதான் ஆயுதம். பூனை துரத்தும் எலியை அந்தச் சில நொடிகளில் காப்பாற்றத் தவறினால், பிற்பாடு நிலவறையில் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடித்துவிட யாரும் வரமாட்டார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இந்த வகை விளையாட்டுகளில் திரையின் மூலையில் கடுகளவு கிடக்கும் சாவியைத் தேடி அங்குலம் அங்குலமாகச் சொடுக்கும் கொடுமை வேறு.

அதே 1990-இல்தான் ‘மங்கி ஐலண்ட்’ வாளை விட வசவால் சண்டையை வெல்ல வைத்தது. பத்து நிமிடம் மூச்சடக்குவேன் என்று பீற்றும் அதன் நாயகன், கடலடியில் பத்து நிமிடம் விட்டால் நிஜமாகவே செத்துப்போவான். இப்படிச் சிரிக்க வைக்கிறார்களே, அதனால்தான் கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியவில்லை!