இன்ஜின் இருக்கு, யார்டு எங்க?

கொஞ்ச வருஷம் முன்னாடி எழும்பூர்ல இருந்து கோடம்பாக்கம் வரைக்கும் 1855ல செஞ்ச இஐஆர் 21ங்கிற பழைய கரி இன்ஜினை ஓட்டிக் காட்டினாங்கல்ல, அந்த வீடியோவ நேத்து யாரோ ஃபேமிலி குரூப்ல மறுபடி போட்டிருந்தாங்க. பளபளன்னு பெயிண்ட், சுத்தி செல்ஃபி கூட்டம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கரி இன்ஜின்னா அது மட்டுமாங்க?

நான் வளர்ந்தது விழுப்புரத்துல, எழுபதுகள் கடைசி. அப்பா லோகோ ஷெட்ல ஃபிட்டர். எழும்பூர்ல இருந்து வர்ற மீட்டர் கேஜ் (சின்ன பாதை) வண்டிக்கு கரண்ட் கம்பி எங்க ஊரோட முடிஞ்சுடும், அதுக்கப்புறம் டீசல் இல்லன்னா கரி, அதனால ராவும் பகலும் இன்ஜின் கழட்டுறதும் மாட்டுறதும்தான் யார்டுல. பெரிய சக்கரம் பக்கத்துக்கு மூணு இருந்தா ஒய்பி இன்ஜின், பாசஞ்சருக்கு. நாலு இருந்தா ஒய்ஜி, கூட்ஸுக்கு. அனா ஆவன்னாவுக்கு முன்னாடியே எங்களுக்கு இது தெரியும்.

டர்ன்டேபிள்னு ஒண்ணு, தண்டவாளத்தோட சுத்துற மேடை. இன்ஜினை அதுமேல ஏத்தி திசை திருப்பணும், ஒரு அடி முன்ன பின்ன நின்னாலும் எடை ஒரு பக்கம் சாஞ்சு அசையாது, எத்தனை பேர் முக்கினாலும் வேலைக்காகாது. டிரைவர் சரியா நடுவுல நிறுத்திட்டாரோ, நாலஞ்சு பேர் கை வச்சா தேர் மாதிரி திரும்பும். நாங்களும் ஓடிப்போய் ஒரு கை வைப்போம், நாங்கதான் தள்ளினோம்னு ஸ்கூல்ல போய் பீத்திக்குவோம்.

அப்புறம் சாம்பல் குழி. ஓடி முடிச்சு வர்ற இன்ஜின் அதுமேல நிக்கும், நீட்டு கம்பி விட்டு நெருப்ப கிளறி கட்டி கட்டியா கிளிங்கரை, அதான் உருகி இறுகின சாம்பலை, தள்ளுவாங்க, தண்ணி அடிச்சா புஸ்ஸுன்னு ஆவி, கந்தக நாத்தம் மூக்குல ஏறும். ஆறினதும் பக்கத்துத் தெரு பொம்பளைங்க சல்லடையோட வந்துடுவாங்க, பாதி எரிஞ்ச கரி அடுப்புக்கு ஆகும். எங்க ஆயாவும் அதுல ஒருத்தர். அப்பா அந்தப் பக்கம் வந்தா பார்க்காத மாதிரி திரும்பிக்குவாரு.

சித்தரஞ்சன் ரயில் இன்ஜின் ஃபேக்டரில பிராட் கேஜ் (அகல பாதை) கரி இன்ஜின் செய்யறத 1970லயே நிறுத்தியாச்சு, மீட்டர் கேஜ் ஒய்ஜி 1972 வரைக்கும் வந்துச்சு. அது போகட்டும், போகவேண்டியதுதான், அந்த நெருப்பு முன்னாடி நின்னு கரி அள்ளிப் போட்டவங்க யாரும் திரும்ப வரணும்னு கேக்க மாட்டாங்க. என் கோவம் வேற. ஸ்டேஷன் வாசல்ல இன்ஜினை மேடை கட்டி ஏத்தி வைக்கிறீங்க சரி, நம்ம பக்கம் ஒரே ஒரு ஜங்ஷன்லயாவது டர்ன்டேபிள், இன்ஜினுக்கு தண்ணி ரொப்புற தூண், சாம்பல் குழின்னு ஷெட்டை அப்படியே விட்டு வச்சிருக்கலாம்ல? பார்க்கிற புள்ளைங்களுக்கு அது எப்படி பசியாறிச்சு, எங்க கழிவு தட்டுச்சுன்னே தெரியாது.

அப்பாகிட்ட அந்த வீடியோவ காட்டினேன். எண்பது தாண்டிடுச்சு, போனை கண்ணுகிட்ட வச்சு ரெண்டு தடவ பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "இதுக்கு சாம்பல் எங்கடா தட்டுறானுங்க?"