மகிமை அவருக்கு, மகிழ்ச்சி நமக்கு என்று பாகம் பிரித்தது யார்?

"ஏந்தம்பி, உங்க சாமி எதுக்கு எந்நேரமும் தன்னையப் புகழச் சொல்லுது? பெரிய மனுசன் அப்படிக் கேக்கலாமா?"

பள்ளத்தூரில் எதிர்வீட்டு ஆச்சி கேட்டது இது. கிண்டல் எல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்கள் சபையில் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. "எல்லா மகிமையும் ஆண்டவருக்கே" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது போல.

ஆச்சிக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. செட்டிநாட்டில் பெருமை என்பது கண்ணால் பார்க்கிற பொருள். பர்மா தேக்குத் தூண், கோயிலில் முதல் மரியாதை, கல்வெட்டில் உபயதாரர் பெயர். அந்த முகப்புக்கு முன்னால் தெருவில் நிற்பவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, தான் கொஞ்சம் சிறுத்துப்போனதாக உணர்ந்து நகர்ந்துவிடுவான். ஒருவர் பெருமை ஏற ஏற அடுத்தவருக்கு இறங்கும். கடவுளின் மகிமையையும் இதே கணக்கில் போட்டால், அவர் எல்லாரையும்விடப் பெரிய வீட்டுக்காரர், நாம் தெருவில் நிற்பவர்கள், அவ்வளவுதான்.

ஆனால் வேதத்தில், சங்கீதம் 50-இல் அவரே சொல்கிறார்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே." நம்முடைய புகழ்ச்சியால் அவருக்கு ஏறுவதும் இல்லை, அது இல்லாததால் குறைவதும் இல்லை. அப்புறம் எதற்குக் கேட்கிறார்? 16-ஆம் சங்கீதம் பதில் வைத்திருக்கிறது: "உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தமும், உம்முடைய வலதுபாரிசத்தில் நித்திய பேரின்பமும் உண்டு." ஆனந்தம் அவரிடத்தில்தான் இருக்கிறது என்றால், 'என்னைப் பெரிதாக எண்ண வேண்டாம், வேறு எதையாவது பார்த்துச் சந்தோஷமாக இரு' என்று அவர் ஒதுங்கிக்கொள்வது அடக்கமாகாது. நம்மை ஏமாற்றுவதாகும். தன்னைப் பார்க்கச் சொல்வதுதான் அவர் நமக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

இது இந்தக் காலத்துப் பிரசங்கியார்கள் கண்டுபிடித்ததும் இல்லை. விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகச் சொல்லிக்கொடுக்க 1647-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதி முடித்த சுருக்க வினாவிடையின் முதல் கேள்வியே மனிதன் எதற்காக இருக்கிறான் என்பதுதான். கடவுளை மகிமைப்படுத்தி, என்றென்றைக்கும் அவரில் மகிழ்ந்திருக்க என்பது பதில். எழுதியவர்கள் பியூரிட்டன்கள், கண்டிப்புக்குப் பேர்போன புராட்டஸ்டண்டுகள். அவர்களே மகிழ்ச்சியை முதல் பதிலில் வைத்தார்கள்.

நாம்தான் பாகம் பிரித்துவிட்டோம். ஒரு பக்கம், வாய்விட்டுச் சிரித்தால் பக்தி குறைந்துவிடும் என்று முகத்தை இறுக்கி வைத்திருக்கும் சபை. இன்னொரு பக்கம் புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டை எடுத்து, இந்த வருஷம் வீடா, வேலையா, விசாவா என்று பார்க்கிற சபை. முதல் கூட்டத்துக்கு மகிமை என்பது கட்டவேண்டிய வரி. இரண்டாவது கூட்டத்துக்கு அது ரசீது: கேட்டது கிடைத்தால் சாட்சி சொல்லி மகிமையைச் செலுத்திவிடலாம். கிடைக்காதவர்கள் சாட்சி நேரத்தில் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் கோபம் அதிகம்.

புசித்தாலும் குடித்தாலும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள் என்றார் பவுல். காலையில் சுடச்சுட வெள்ளைப் பணியாரத்தைக் காரச் சட்னியில் தோய்த்து, நன்றியோடு ரசித்துச் சாப்பிடுவதும் அதில் அடக்கம் என்பது என் கட்சி. காரைக்குடிக்காரன் வேறென்ன சொல்வான்!

ஆனால் துக்க வீட்டில் இதையே திருப்பிப் போட்டுப் பேசுகிறார்கள், அதுதான் தாங்கமுடியவில்லை. புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் போய், "அழாதீங்க, ஆண்டவர் நாமம் மகிமைப்படணும், சாட்சியா இருங்க" என்கிறார்கள். யோவான் 11-ஐ ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும். நண்பன் லாசருவின் வியாதி தேவனுடைய மகிமைக்கு ஏதுவானது என்று ஆரம்பத்திலேயே இயேசு சொல்லிவிடுகிறார். கல்லறைக் கல்லை எடுக்கச் சொல்லும்போது, நாறுமே என்று தயங்கும் அவன் சகோதரி மார்த்தாளிடம், "நீ விசுவாசித்தால் தேவனுடைய மகிமையைக் காண்பாய்" என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான், 35-ஆம் வசனத்தில், "இயேசு கண்ணீர் விட்டார்." இன்னும் சற்று நேரத்தில் லாசரு எழுந்து வருவான் என்று தெரிந்தவரே அழுதிருக்கிறார். அந்த அம்மா அழுதால் யார் மகிமை குறைந்துவிடும்? 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. முறையிடவும் அந்தச் சங்கீதக்காரன் ஆண்டவரிடமே போகிறான் பாருங்கள், அதுவும் அவரைப் பெரியவராக எண்ணுவதுதான்.

அழுகையும் ஆனந்தமும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியுமா என்றால், தேவகோட்டையிலிருந்து கிளம்பித் திருவாடானை தாண்டி ஓரியூர் வரை போய்ப் பாருங்கள். போர்ச்சுகலிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டப்பட்ட இடம். நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை; புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் சாவதற்கு முன் காவலிலிருந்து சக குருக்களுக்கு அவர் எழுதிய கடிதம் என்னை விடவில்லை. மரணத்துக்காக ஆவலோடு காத்திருப்பதாக எழுதுகிறார். பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, ஒருமுறை போர்ச்சுகலுக்கே போய்விட்டுத் திரும்பி வந்தவர். வலி தெரியாதவர் இல்லை. வீடும் விசாவும் கேட்டுக் கிடைத்த சந்தோஷம் இப்படி ஒரு கடிதத்தை எழுத வைக்காது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இந்த வருஷம் சபைக் கமிட்டியில் ஒரு யோசனை சொன்னேன். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவோம் அல்லவா, எலுமிச்சம்பழம் ஆயிரத்துக்கும் சேவல் ஐயாயிரத்துக்கும் போகும். தொகையை மட்டும் மைக்கில் சொல்லுவோம், எடுத்தவர் பெயர் வேண்டாம் என்றேன். பொருளாளர் சிரித்துவிட்டார். "பேர் சொல்லலைன்னா ஏலம் ஏறாது தம்பி." அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் பிரச்சினையும் அதேதான்.