கொடியும் ஓவியமும் மட்டும் போதாது

ஆஸ்திரேலியப் பழங்குடியினரை வரவேற்க, சமூகக் கூடத்தின் வாசலில் அவர்களது கொடி, சுவரில் புள்ளி ஓவியம் வைத்தால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. போதாது. புள்ளி ஓவியம் 1970-களில் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யா என்ற ஊரிலிருந்து பரவிய பாலைவனப் பாணி. மெல்பர்ன் கூடத்தில் மாட்டினால் அந்த மண்ணின் பழங்குடியினரான வுருண்ட்ஜெரி மக்களுக்கு அது அயலூர்ச் சரக்கு. உள்ளூர் ஓவியரிடம் காசு கொடுத்து வாங்குங்கள். கொடியில் கறுப்பு மேலே, சிவப்பு கீழே. அவசரத்தில் தலைகீழாகக் கட்டிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் இன்னொரு பூர்வகுடியினரான டோரஸ் நீரிணைத் தீவினருக்குத் தனிக்கொடி உண்டு. நிகழ்ச்சித் தொடக்கத்தில் 'வெல்கம் டு கன்ட்ரி' என்று தங்கள் மண்ணுக்கு வரவேற்புச் சொல்வது அந்த மண்ணுக்குரியவர்கள் மட்டுமே. அழைத்தால் சன்மானமும் கொடுங்கள். மற்றவர்கள் 'அக்னாலெட்ஜ்மென்ட்', அதாவது அந்த மண்ணுக்குரியவர்களை மதித்து நினைவுகூரும் சில வரிகள், சொல்லலாம். முக்கியமாக, அவர்களுக்குச் சாவு வீட்டுக் கடமைகள் பல நாள் நீளும். கூடத்தில் நடக்கும் வகுப்புக்கு வரவில்லையென்று பெயரை அடித்துவிடாதீர்கள். இறந்தவர் புகைப்படம் சுவரில் இருந்தால், தொடர்ந்து வைக்கலாமா என்று குடும்பத்தாரிடம் கேளுங்கள்.